குழு சார் கேட்ட பாதிப் பங்கு

பட்டம் வாங்கிய கையோடு, மெய்ப்புப் பார்க்கும் வேலை கேட்டு அந்தப் பதிப்பகத்துக்குப் போயிருந்தேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு கைடு போடுகிற இடம். நான் படித்ததும் அவர்களுடைய கணக்கு கைடுதான். அட்டையில் 'அனுபவமிக்க ஆசிரியர் குழுவால் தயாரிக்கப்பட்டது' என்று போட்டிருக்கும். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அதனால் ஆசிரியர் குழு என்றால் நீள மேசை, அதைச் சுற்றிக் கண்ணாடி போட்ட ஏழெட்டுத் தலைகள், நடுவில் நரைத்த தலை ஒன்று என்று மனசுக்குள் ஒரு படம் மாட்டி வைத்திருந்தேன்.

"ஆசிரியர் குழு எங்கங்க உட்காருவாங்க?" என்று முதலாளியிடம் பணிவாகக் கேட்டேன்.

முதலாளி காகிதக் கட்டுகளுக்கு நடுவே கையைக் காட்டினார். "அதோ, டீயில பன்னைத் தொட்டுத் தின்னுக்கிட்டு இருக்கே, அதுதான் குழு."

ஒல்லியான ஒரு மனிதர் பன்னோடு நிமிர்ந்து பார்த்தார். சட்டைப் பையில் மூன்று பேனா. நான்காம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எல்லாக் கணக்கும் அவர் ஒருவர் கைவேலை. அனுபவம் அவருடையது, ஆசிரியர் அவர், குழுவும் அவரே.

வேலை கிடைத்து அங்கே சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, தெருவில் அவரைக் குழு சார் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் யாராவது "என்ன பண்றீங்க?" என்று கேட்டால் போதும், குழு சார் பையிலிருந்து கைடை எடுத்துவிடுவார். "புத்தகம் எழுதறேன்." வாங்கிப் பார்ப்பவர்கள் முன்னட்டை, பின்னட்டை, உள்ளட்டை எல்லாம் புரட்டிவிட்டு, "இதுல உங்க பேரு எங்க?" என்பார்கள். குழு சார் 'குழு' என்ற சொல்லின் மேல் விரலை வைப்பார். ஒரு தடவை பக்கத்தில் நின்ற மச்சினன், "ஆமாங்க, குழுன்னா எங்க மாமாதான். தனியா நின்னா தெரியாது, கூட்டமா நின்னாத்தான் தெரியும்" என்றான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

கணக்கு எழுதுவதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. கேள்வியை எழுதிவிட்டு விடையைத் தேடுவார்கள் என்றுதான் வெளியில் இருக்கும் நாம் நினைத்துக்கொள்கிறோம். குழு சார் முதலில் எழுதுவது விடையை. மூவாயிரம் என்று ஓர் உருண்டையான, பிள்ளைகள் பார்த்துப் பயப்படாத எண்ணாகப் பார்த்து வைப்பார். அதற்குப் பின்னால் விகிதம் வரும். விகிதத்துக்குப் பின்னால் மொத்தப் பரிசுத் தொகை. கடைசியில்தான் பந்தயத்தில் ஜெயித்த மூன்று பேர் மூச்சு வாங்க வந்து நிற்பார்கள். அந்த மூவரும் ஒரு நாளும் பரிசைச் சமமாகப் பிரித்துக்கொண்டது கிடையாது. ஓட்டத்தில் ஜெயித்தால் வயதின் விகிதத்தில் பிரிப்பார்கள், கயிறு இழுத்து ஜெயித்தால் எடையின் விகிதத்தில். எந்த ஊரில் எந்த மனிதர்கள் இப்படிப் பிரித்துக்கொள்கிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. சமமாகப் பிரித்தால் அதற்கு யார் ஐந்து மதிப்பெண் கொடுப்பது?

வருடத்துக்கு ஒரு புதிய பதிப்பு வேண்டும், இல்லாவிட்டால் அண்ணன் படித்த கைடையே தம்பியும் படித்துவிடுவான், வியாபாரம் படுத்துவிடும் என்பது முதலாளியின் கொள்கை. ஆகவே வருடா வருடம் குழு சார் பழைய கணக்குகளுக்குப் புதுச் சட்டை மாட்டுவார். ஓட்டக்காரர்களை நீச்சல்காரர்களாக்குவார், விகிதத்தைக் கொஞ்சம் திருகுவார். அவர் கையெழுத்தைப் பார்த்து அச்சுக் கோர்ப்பவர் அழுததால், நல்ல படி எடுத்து எழுதுவது வீட்டம்மாவின் வேலை. பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டே, பாக்கி நேரத்தில் அதையும் செய்தார். கூலி கிடையாது. குழுவில் அவருக்கு இடமும் கிடையாது.

இப்படியே இருபது வருடம் போன பிறகு குழு சாருக்கு ஒரே ஓர் ஆசை மிஞ்சியது. அட்டையில் தன் பெயர், பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. முதலாளியிடம் கேட்டே விட்டார்.

"போட்டுட்டாப் போச்சு சார்," என்றார் முதலாளி. "ஆனா அட்டையை மறுபடி அடிக்கணும். ஆறாயிரம் ஆகும். நீங்க குடுங்க, நான் போடறேன்."

"என் பேரைப் போட நான் காசு குடுக்கணுமா?"

"பதிப்பகத்துக்கு என் பேரை வச்சிருக்கேனே, அதுக்கு யாரு குடுத்தா? நான்தானே?"

குழு சார் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார், மூன்று பேனா இருந்தது. ஆறாயிரம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் வணிகர் சங்கத்தார் ஆண்டு விழாவுக்கு மனக்கணக்குப் போட்டி அறிவித்தார்கள். ஒரு குடும்பத்திலிருந்து மூன்று பேர் கொண்ட அணி, முதல் பரிசு பன்னிரண்டாயிரம். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்து முடிக்கும் முன்பே குழு சார் விடையை எழுதிவிட்டார்: பன்னிரண்டில் பாதி ஆறு. கேள்வியை அப்புறம் கட்டிக்கொள்ளலாம்.

அணியில் அவர், வீட்டம்மா, மச்சினன். மச்சினன் செல்போன் பழுதுபார்க்கிறவன். கணக்கு என்றால் கொட்டாவி விடுவான், ஆனால் விரல் வேகம் அபாரம். மணியை அடிக்கிற பொறுப்பை அவனிடம் கொடுத்தார்கள். சங்கச் செயலாளரான இரும்புக்கடைக்காரர் மேடையேறி முதல் கேள்வியை வாசித்தார்.

"ஒரு தொட்டியில் இரண்டு குழாய்கள்..."

மச்சினன் மணியை அடித்தான். குழு சார் வழக்கப்படி காகிதத்தில் 'கொடுக்கப்பட்டவை' என்று எழுதி, அடியில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆறு மணி நேரம்," என்றார் வீட்டம்மா.

சரியான விடை. கூட்டம் வாயைப் பிளந்தது. அடுத்ததாக ரயில் ஒன்று பாலத்தைக் கடக்கப் புறப்பட்டது. இன்ஜின் பாலத்தில் ஏறுவதற்குள் "இருபது விநாடி" என்றார் வீட்டம்மா. அதுவும் சரி. மூன்றாவது கேள்வியில்தான் குழு சாருக்கு விளங்கியது. செயலாளர் கேள்விகளை வேறெங்கும் தேடிப் போகவில்லை, தன் மகளின் கைடைப் பிரித்து வைத்து வாசிக்கிறார். அத்தனையும் குழு சார் பெற்ற பிள்ளைகள்! அவர் பேனாவை வைத்துவிட்டார். மேடை, ஒலிபெருக்கி, முந்நூறு பேர், ஒவ்வொருவர் காதிலும் தன் கணக்கு. யாராவது கணக்குக்குக் கைதட்டுகிறார்களா என்று பார்த்தார். விடைக்குத்தான் தட்டினார்கள். விடை சொன்னவர் வீட்டம்மா. வருடக்கணக்காக நல்ல படி எடுத்த கைக்கு எந்தக் கணக்கு எந்த எண்ணில் முடியும் என்பது பாடமாகியிருந்தது.

இருந்தாலும் எதிரணித் தலைவரான மருந்துக்கடைக்காரர் விடவில்லை. நிஜமாகவே கணக்குப் போட்டுப் போட்டுச் சமமாக வந்து நின்றார். கடைசியில் ஒரே கேள்வி, சொன்னவருக்குப் பரிசு என்றார் செயலாளர்.

"நீச்சல் போட்டியில் வென்ற மூவர், பரிசுத் தொகை ஏழாயிரத்து இருநூறை 2:3:4 என்ற விகிதத்தில் பிரித்துக்கொண்டால், மூன்றாமவருக்குக் கிடைப்பது எவ்வளவு?"

மச்சினனுக்குக் கை வியர்த்து விரல் வழுக்கிவிட்டது. மருந்துக்கடைக்காரர் முந்திக்கொண்டார். "மூவாயிரத்து இருநூறு."

குழு சாரும் மனசுக்குள் அதைத்தான் போட்டிருந்தார். போச்சு, ஆறாயிரம் போச்சு, அட்டை போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டார். செயலாளர் கைடின் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, "தவறு" என்றார்.

"மூவாயிரம்," என்றார் வீட்டம்மா.

"சரி!"

மாலை போட்டார்கள். மச்சினன் அக்காவைத் தூக்கிச் சுற்றாத குறை. குழு சார் மட்டும் மாலைக்குள்ளிருந்து திருதிருவென்று விழித்தார். வீட்டுக்கு நடக்கும்போது உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்த்தார். இரண்டும் மூன்றும் நான்கும் ஒன்பது. ஏழாயிரத்து இருநூறில் ஒன்பதில் ஒரு பங்கு எண்ணூறு. அதில் நான்கு, மூவாயிரத்து இருநூறேதான். தெருமுனை திரும்பும்போது பிடிபட்டது. பழைய பதிப்பில் அந்த மூவர் ஓட்டக்காரர்கள், விகிதம் 3:4:5, விடை மூவாயிரம். போன பதிப்பில் அவர்களைத் தண்ணீரில் இறக்கி, விகிதத்தையும் மாற்றியவர், புத்தகத்தின் பின்பக்கம் போய் விடையை மாற்ற மறந்துவிட்டார்.

தான் செய்த பிழை தனக்கே பரிசு வாங்கித் தந்ததை நினைத்து அவருக்குக் கூச்சம் வந்தது. அடுத்த விளக்குக் கம்பம் வருவதற்குள் அது போய்விட்டது. யாருக்குத் தெரியப்போகிறது? அவர் வாயைத் திறக்கவில்லை.

பரிசை ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஆளுக்கொரு உறையாகத் தருவோம், யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்று செயலாளர் சொல்லியிருந்தார். சாதாரணக் குடும்பமாக இருந்தால் ஆளுக்கு நாலாயிரம் என்று முடிந்திருக்கும். நாலாயிரத்தில் அட்டை வராதே. குழு சார் தையல் மெஷின் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்து காகிதத்தை விரித்தார்.

"பரிசுன்னா தகுதிப்படி பிரிக்கிறதுதான் முறை. அறிவுப் போட்டி இது. அதனால படிச்ச வருஷத்தை வச்சுப் பிரிப்போம்."

"எந்த ஊரு முறை மாமா அது?" என்றான் மச்சினன்.

"நீ சும்மா இரு. நீ பத்து வருஷம் படிச்சிருக்க. உங்க அக்கா எட்டு. ரெண்டும் பதினெட்டு. நான் பள்ளிக்கூடம் பன்னிரண்டு, காலேஜு மூணு..."

"பதினஞ்சு," என்றார் வீட்டம்மா, ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே.

பதினைந்து போதாது. பாதி வரவேண்டுமானால் அவருக்கும் பதினெட்டு வேண்டும். விடை தயாராக இருந்தது, கேள்விதான் மூன்று வருடம் குறைந்தது. குழு சார் மேற்கூரையைப் பார்த்தார். "டைப்ரைட்டிங் ரெண்டு பரீட்சை எழுதினேனே, அது ரெண்டு வருஷம். அப்புறம் காலேஜுல ரெண்டாவது வருஷத்தை..." குரல் கொஞ்சம் இறங்கியது. "ரெண்டு தடவை படிச்சேன். ஆக மொத்தம் பதினெட்டு."

"பெயிலான வருஷத்துக்கும் பங்கா?" வீட்டம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"பெயிலானாலும் படிச்சேன்ல?"

"அப்ப நானும் பத்தாவதை ரெண்டு தடவை எழுதினேன் மாமா," என்றான் மச்சினன் உற்சாகமாக. "எனக்குப் பதினொண்ணுன்னு போடுங்க. ஒண்ணாங்கிளாஸ்ல அழுதுக்கிட்டே ஒரு வருஷம் வெளியில நின்னேன், அதையும் சேர்த்தா பன்னிரண்டு."

கட்டிய கணக்கு கண்ணெதிரே சரிந்தது. குழு சார் காகிதத்தைக் கசக்கினார். "பெல்லு அடிக்கிறவனுக்கெல்லாம் படிப்போட அருமை தெரியாது."

"பெல்லு அடிக்கலைன்னா நீங்க இன்னும் 'கொடுக்கப்பட்டவை'க்குக் கோடு போட்டுக்கிட்டு இருப்பீங்க. அடிச்சது நான், சொன்னது அக்கா. நீங்க என்ன பண்ணீங்க?"

"டேய், அந்தக் கணக்கு அத்தனையும் என்னுதுடா! நான் எழுதலைன்னா அவ எதை மனப்பாடம் பண்ணியிருப்பா?"

"உங்க கையெழுத்தை நான் பிரிச்சு எழுதலைன்னா அது கணக்கா, கோழி கிண்டினதான்னே தெரிஞ்சிருக்காது," என்றார் வீட்டம்மா. "சமமாப் பிரிங்க. என் பங்குல இந்த மெஷினுக்கு மோட்டார் வாங்கணும். காலு ரெண்டும் விட்டுப்போச்சு."

குழு சார் மசியவில்லை. செயலாளர் பொது மனிதர், அவரே தீர்ப்புச் சொல்லட்டும் என்று இருவரையும் கிளப்பிக்கொண்டு மறுநாள் இரும்புக்கடைக்குப் போனார்.

செயலாளர் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். உள்ளே, அடுக்கி வைத்திருந்த பெயிண்ட் டப்பாக்களுக்குப் பக்கத்தில் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். குழு சாருக்கு அவரைக் கவனிக்க ஏது நேரம்? வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு தொண்டையில் முட்டிக்கொண்டு நின்றது.

"நீங்க வாசிச்ச கைடு இருக்கே, அட்டையில ஆசிரியர் குழுன்னு போட்டிருக்கே, அந்தக் குழு யாரு தெரியுமா? நான்தான்."

"நீங்க ஒருத்தரா?" செயலாளர் தராசை விட்டுவிட்டார். "நான் ஒரு ஏழு பேராவது இருப்பாங்கன்னுல்ல நெனச்சேன்!"

"ஒருத்தர்தான். ஒரு கணக்கு விடாம அத்தனையும் என் மூளை. அதனால பரிசுல பாதி எனக்குச் சேரணும். மிச்சத்தை அக்காவும் தம்பியும் பிரிச்சுக்கட்டும்."

வீட்டம்மாவுக்கு ஸ்டூலில் இருந்தவரை அடையாளம் தெரிந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர். முகம் கொதித்த பால் போல இருந்தது. கணவரின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். "என்னங்க, போதும். பாதியே எடுத்துக்கங்க. வாங்க, போகலாம்."

கேட்டது கைக்கு வந்துவிட்டது. சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருந்தால் இந்தக் கதையே வேறு. ஆனால் இருபது வருடத்தில் முதல் தடவையாக ஒரு வெளி மனிதர் தராசை நிறுத்திவிட்டுத் தன்னை அண்ணாந்து பார்க்கிறார். குழு சாருக்குத் தலைகால் புரியவில்லை. "இரு, சொல்லிடறேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் நான்தான், செயலாளரே!"

"அப்ப எழுபத்திரெண்டாம் பக்கத்துல ஒன்பதாவது கணக்கும் நீங்க போட்டதுதானா சார்?" என்று கேட்டபடி மருந்துக்கடைக்காரர் எழுந்து வந்தார். கையில் மாத்திரை போட்டுத் தருகிற சின்ன உறை. அதன் முதுகில் நீச்சல்காரர்கள் மூவரையும் வரிசையாக நிறுத்தி, பங்கு பிரித்து, கீழே இரட்டைக் கோடு போட்டிருந்தார். "இதைக் காட்டத்தான் நான் காலையிலேர்ந்து உட்கார்ந்திருக்கேன். அண்ணே, நீங்களே தட்டிப் பாருங்க."

செயலாளர் கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார். இன்னொரு தடவை தட்டினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூன்றாம் தடவையும் தட்டினார். ஒவ்வொரு தடவையும் மூவாயிரத்து இருநூறே வந்தது.

முதலில் வாய் திறந்தவன் மச்சினன்தான். "மாமா, அந்த ஒரு கணக்கை மட்டும் குழுவுல வேற யாரோ போட்டதா சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?" என்று கண்ணடித்தான்.

செயலாளருக்கும் போட்டி முடிந்தபின் வம்பு வேண்டாம். "அப்படி இருந்தா சொல்லிடுங்க சார். போட்டியை நடத்தினது நாங்க, விடை புஸ்தகத்துல இருக்கிறபடிதான். ஏதோ அச்சுப்பிழைன்னு பேசி முடிச்சுக்கலாம். ஆனா தப்பாக் கணக்குப் போட்டவரே போட்டியில நின்னு, அந்தத் தப்பையே சொல்லி ஜெயிச்சாருன்னா, சங்கத்துல என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டிடுவாங்க."

எல்லோரும் குழு சார் வாயைப் பார்த்தார்கள். வேறொருவர் என்று ஒரு பொய், அதுவும் பிறர் எடுத்துக்கொடுத்த பொய். சொன்னால் ஆறாயிரம், அட்டை, பெயர் எல்லாம் வரும். வேறொருவர் இருக்கிறார் என்று சொன்ன அந்த நிமிடமே குழு நிஜமாகிவிடும். நீள மேசையும் கண்ணாடித் தலைகளும் வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்தக் கணக்கு யாருடையது என்று அப்புறம் எந்த அட்டை சொல்லும்?

"குழுவில வேற யாரும் இல்லை," என்றார் குழு சார். "அந்தக் கணக்கும் என்னுதுதான். விகிதத்தை மாத்தினேன், விடையை மாத்த மறந்துட்டேன்."

இதை நேர்மை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மேடையில் மாலையோடு நின்றபோது சொல்லியிருந்தால் அது நேர்மை. தன் கணக்கில் ஒன்றைக்கூடப் பிறத்தியாருக்கு விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு இல்லை, அந்தப் பிள்ளை ஊனமாகப் பிறந்திருந்தாலும்.

பரிசு முழுவதும் மருந்துக்கடைக்காரருக்குப் போனது. அவர் இரும்புக்கடை வாசலிலேயே நின்று, மனைவிக்கும் தங்கை மகனுக்கும் தனக்கும் சமமாக நாலாயிரம் என்று சொல்லிவிட்டுப் போனார். கணக்குத் தெரிந்தவர், விகிதம் பக்கமே போகவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் வீட்டம்மா தெருமுனை வரை முன்னால் நடந்தார். "நான் ராத்திரியும் பகலும் உட்கார்ந்து எழுதி எழுதி மனப்பாடம் பண்ணினது உங்க தப்பைத்தானா?" என்றார் திரும்பி நின்று. "சரி, தப்பு இருக்கட்டும். கடைக்குள்ள நான் பாதி தர்றேன்னு சொன்னேனே, அது காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

"பின்ன?"

"செயலாளர் அப்பத்தான் நான் சொல்றதைக் கேக்க ஆரம்பிச்சாரு," என்றார் குழு சார்.

மருந்துக்கடைக்காரர் அத்தோடு விடவில்லை. கடைக்கு வந்த பெற்றோர்களிடமெல்லாம் காய்ச்சல் மாத்திரையோடு எழுபத்திரெண்டாம் பக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தார். கைடுகள் திரும்பி வரத் தொடங்கின. முதலாளி அவசர அவசரமாக ஒரு திருத்தச் சீட்டு அச்சடித்து ஒவ்வொரு புத்தகத்திலும் செருகினார். சரியான விடையைச் சொல்லி, கீழே 'இக்கணக்கைத் தயாரித்தவர்' என்று போட்டு, குழு சாரின் பெயரை முதலெழுத்தோடு அச்சிட்டிருந்தார்.

"தப்பைக் குழு மேல போட்டா பதிப்பகத்து மேல போட்ட மாதிரி," என்று எங்களிடம் விளக்கினார். "ஆளு மேல போட்டா ஆளோட போச்சு."

குழு சார் கோபமாக வருவார் என்று எதிர்பார்த்துக் கட்டுகளுக்குப் பின்னால் நாங்கள் ஒதுங்கி நின்றோம். அவர் சீட்டை எடுத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார், பெயர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு முதலாளியிடம் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டார்: "பேருக்குப் பின்னால பி.எஸ்சி. விட்டுப்போயிருக்கே?"

"துண்டுச் சீட்டு சார். அதுல இடமில்லை."

இப்போதும் அவர் அதே பதிப்பகத்துக்குத்தான் எழுதுகிறார். அட்டையில் ஆசிரியர் குழுவே இருக்கிறது. வீட்டம்மா பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி, அதை முன்பணமாக வாங்கிக்கொண்டுதான் நல்ல படி எடுக்கிறார். மெஷினுக்கு மோட்டார் வந்துவிட்டது. மச்சினன் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். இந்த வருடப் பதிப்பில் நீச்சல்காரர்கள் மூவரும் சைக்கிள் ஓட்டுகிறார்கள், விகிதம் 1:2:3, விடை சரியாக இருக்கிறது.